இருநூற்றுப் பதினோராம் பக்கம்

டுலூத்தில் புதன்கிழமை, மைனஸ் இருபத்தாறு.
லைலின் டயர் கடைப் பின்னறையில்
ஹீட்டர் ஒரு பக்கத்தை மட்டும் சுடுகிறது.
பனிவண்டி ஓட்டும் ரோண்டாவின் கையுறைகள்
அதன்மேல் காய்கின்றன, நனைந்த நாயின் வாசத்தோடு.
நான் பகலில் பல் மருத்துவரிடம் பில் போடுகிறவள்.
இங்கே, அட்டைத் திரைக்கு இந்தப் பக்கம்,
பாலமும் நான்
பாலத்தடியில் இருக்கும் பூதமும் நான்.

"வெட்டப் போவதில்லை" என்றாள் ரோண்டா.
"கட்டிப் பிடிக்கப் போகிறேன்."

மேசையே முனகியது.
வெட்டு என்றால் உருட்டு, கூட்டு, கழி, செத்தான்.
பிடி என்றால் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.
இருநூற்றுப் பதினோராம் பக்கம்:
மூன்று வருடமாக
நான் சுற்றிக்கொண்டு போகும் சந்து.

உரக்கப் படித்தேன்.
பழகாத கை பிடிக்கப் போனால்
முதலில் ஓர் அடி வாங்க வேண்டும்.
நெருங்குகிறவளின் விலா திறந்திருக்கும்,
அதற்கான விலை.
பிறகு பகடை. அதோடு பலம், அதோடு அனுபவம்.
எதிரே நிற்பது ஆள் அல்ல, ஓர் எண்:
பத்து, அவன் பலம், அவன் சுறுசுறுப்பு, அவன் பருமன்.
கவசம் கணக்கில் வராது.
இரும்புச் சட்டைக்காரனைச்
சட்டையோடு தூக்கலாம்.

இடறிவிட்டால் என்ன என்றான் கோல்பி.
இரண்டுக்கு மேல் ஒவ்வொரு காலுக்கும்
எதிராளிக்கு இரண்டு கூடும்.
சிலந்தி என்றால் பன்னிரண்டு.
பாம்பை இடறவே முடியாது.
"ஏற்கெனவே தரையில் கிடப்பதை
எங்கே தள்ளுவாய்" என்றான் லைல்,
கல்லாப்பெட்டி இருக்கும் பக்கம் பார்த்து.

அடுத்த வரியில்தான் சண்டை வந்தது.
பிடி விழுந்தால்
இருவருமே பிடிபட்டவர்கள்.

அச்சுப்பிழை என்றான் வெண்டெல்.
பிடித்தவனுக்கு எதற்குக் கட்டு?
கயிறு போட்டவன் காலிலும் கயிறா?
லைலும் அவனும் அக்டோபரிலிருந்து பேசுவதில்லை.
ஒரு படகு மோட்டார், இருநூறு டாலர்.
எதுவானாலும் என் வழியாகத்தான்:
மார்லிஸ், அவனிடம் சொல்லு.

லைல் எழுந்தான்.
பள்ளியில் மல்யுத்தம், நூற்று அறுபது பவுண்டுப் பிரிவு.
இப்போது இருநூற்று நாற்பது.
"மார்லிஸ், அவனை எழுந்து நிற்கச் சொல்."

டயர் அடுக்குகளுக்கு நடுவே
வெண்டெலின் இடுப்பை வளைத்தான். உடும்புப்பிடி.
"மார்லிஸ், என் கையைப் பார்.
அந்தக் காப்பியை எடுக்க முடியுமா?"
முடியாது.
"மூக்கு அரிக்கிறது. சொறிய முடியுமா?"
முடியாது.
"இவனை விட்டுவிட்டால் எங்கும் போகலாம்.
இவனோடு ஓர் அடி நகர வேண்டுமென்றால்
மறுபடி உருட்ட வேண்டும்."
அவன் தோளுக்குள் புதைந்த முகத்தோடு
வெண்டெல் சொன்னான்:
"சரி லைல், புரிந்தது."

கோல்பி சிப்ஸ் பையைக் கிழித்தான்.
ரோண்டா பகடையைத் தொடையில் தேய்த்தாள்.
புத்தகப்படி, பிடியை விடுவதற்குச் செலவில்லை,
எப்போது வேண்டுமானாலும் விடலாம்.
லைல் ஒரு மூச்சு கூடுதலாக எடுத்துக்கொண்டான்.

பூதத்தின் எண் இருபத்து மூன்று.
போகும் வழியிலேயே ரோண்டாவின் விலாவில் ஏழு புள்ளி.
அவள் உருட்டினாள்: பதினான்கு. கூட்டினால் இருபத்து மூன்று.
சமம் என்றால் யாருக்கு என்று
நான்கு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.
விரலால் வரியைத் தேடினேன்.
முயன்றவளுக்கு.

"இப்போது என்ன செய்கிறாய்?"
"ஒன்றும் இல்லை. பிடித்துக்கொண்டிருக்கிறேன்.
மற்றவர்கள் பாலத்தைத் தாண்டட்டும்."
பிடி தானாக நிற்காது என்று சொன்னேன்,
ஒவ்வொரு சுற்றும் உருட்ட வேண்டும்.
தெரியும் என்றாள். பனி அள்ளுவதும் அப்படித்தானாம்.

மோட்டார் பற்றிப் பேச்சு வரவில்லை.
அடுத்த புதனும் வராது என்று நினைக்கிறேன்.
பத்தரைக்குக் கையுறைகள் ஒரு பக்கம் காய்ந்திருந்தன.
பூதத்தைப் பிடித்தபடியே ரோண்டாவை
ஒரு வாரம் நிறுத்திவைத்துப்
புத்தகத்தை மூடினேன்,
அடையாளத்துக்கு
ஒரு டயர் ரசீதைச் செருகி.